மீண்டு வரும் வழி – 14: குடிப்பதற்கு முன்பே தொடங்கும் சறுக்கல்

குடியை விட்டவர் வீட்டுக்குள் நுழைந்ததும் கிட்டே போய் மூச்சை முகர்ந்து பார்ப்பது நம் குடும்பங்களில் வழக்கம். சட்டைப்பை, வண்டிப் பெட்டி, பரண் எல்லாவற்றையும் துழாவுவார்கள். அங்கே ஏதாவது அகப்படும்போது, சறுக்கல் தொடங்கிப் பெரும்பாலும் பல வாரம் ஆகியிருக்கும்.

பலருக்கு முதலில் கெடுவது தூக்கமும் சாப்பாடும். பிறகு எரிச்சல், காபி ஆறிப்போனதற்குக்கூடச் சத்தம். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகாமலிருக்க வாரம் ஒரு காரணம் கிடைக்கும். பழைய கூட்டாளிகளைப் பற்றிப் பேசினால் குடித்த இரவின் சிரிப்பு மட்டும் வரும், மறுநாள் கைநடுக்கமும் அடகுக்கடைக்குப் போன நகையும் வராது. குடிக்காமலிருக்க டாக்டர் கொடுத்த டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறவர், “நான்தான் சரியாயிட்டேனே, இனி எதுக்கு?” என்று தானாகவே நிறுத்துவார். அதை நல்ல செய்தி என்று வீட்டார் மகிழ்வதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது.

அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஆலன் மார்லட், ஜூடித் கார்டனுடன் சேர்ந்து 1985-இல் வெளியிட்ட நூலில், பார்வைக்குக் குடியோடு சம்பந்தமே இல்லாத சின்னச் சின்ன முடிவுகளைப் பற்றி எழுதினார். நம் ஊரில் அது இப்படி நடக்கும். சம்பள நாளன்று ஒருவர் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்குவார், காய்கறி வாங்க. அந்தத் தெருவில்தான் டாஸ்மாக் இருக்கும். இன்னொருவர், வருகிற மாமாவுக்காக ஒரு குவார்ட்டர் வீட்டில் இருக்கட்டும் என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. மனம் எங்கே கூட்டிப் போகிறது என்று அவர்களுக்கே தெரியாது. ‘நடிக்கிறான்’ என்று ஏசுவது அநியாயம்.

சறுக்கலைக் குடிப்பதற்கு முன்பே உணர்ந்துகொண்டவரும் உண்டு. 1935 மே மாதம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம் ஆக்ரன் நகரில், மேஃபிளவர் ஹோட்டலின் முன்கூடத்தில் பில் வில்சன் என்பவர் தனியாக நின்றிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதம். வந்த தொழில் காரியம் தோற்றுவிட்டது, ஊரும் புதிது. பாரிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. ஆபத்து அவருக்குப் புரிந்தது. தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தார். பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்றார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அந்தச் சந்திப்பில் பிறந்ததுதான் ஏஏ. ஸ்மித்தோ அதன் பிறகும் ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்தார். அவர் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் ஜூன் 10-ஐத்தான் ஏஏ தன் தொடக்க நாளாகக் கொள்கிறது.

ஆகவே, மனம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் நீங்களும் குடியை விட்டவரும் உட்கார்ந்து எழுதி வையுங்கள்: அவருக்கு முதலில் எது கெடும், அப்போது யாரை அழைப்பது, அதை அவரிடம் யார் சொல்லலாம். “குடிச்சீங்களா?” என்று கேட்டால் சண்டைதான் வரும். “ரெண்டு நாளா தூங்கலையே, என்னங்க ஆச்சு?” என்று கேட்டால் பதில் வர வாய்ப்பு உண்டு.

மீறிக் குடித்து அது பல நாள் நீண்டுவிட்டால், வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென நிறுத்த வைக்காதீர்கள். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.