தூரம் கூடினால் கட்டணம் இளகும்

கையில் காசு குறைவாக இருக்கும்போது ஊர் சுற்ற ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மலிவான லாட்ஜைத் தேடுவதில் தொடங்குகிறார்கள். ரயில் டிக்கெட்டை எப்படி எடுப்பது என்பதில் தொடங்கினால் மிச்சம் அதிகம்.

ரயில் கட்டணம் ஆட்டோ மீட்டர் மாதிரி ஒரே சீராக ஏறாது. முதல் நூறு கிலோமீட்டருக்கு என்ன விகிதமோ அதே விகிதம் ஐந்நூறாவது கிலோமீட்டருக்கு இல்லை. போகப் போகக் குறையும். அதனால் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரே டிக்கெட் எடுப்பதும், திருநெல்வேலி வரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று வெட்டி எடுப்பதும் ஒன்றல்ல. வெட்டினால் இரண்டாவது டிக்கெட் மறுபடியும் முதல் கிலோமீட்டரின் விலையிலிருந்து ஆரம்பிக்கும். இன்னொரு பொறியும் உண்டு. ஸ்லீப்பர் வகுப்பில் நீங்கள் எவ்வளவு குறைந்த தூரம் போனாலும் 200 கிலோமீட்டருக்கான கட்டணத்தைக் கொடுத்தாக வேண்டும். திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி அதில் பாதிகூட இல்லை. இந்த மாதிரித் துண்டுப் பயணத்துக்குப் பொதுப்பெட்டியோ பஸ்ஸோதான் சரி.

‘நடுவில் இறங்கி ஊர் பார்க்க வேண்டுமே, ஒரே டிக்கெட்டில் எப்படி?’ என்று கேட்பீர்கள். அதற்கு ரயில்வேயிலேயே வழி இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு. 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட் என்றால், முதல் 500 கிலோமீட்டரைக் கடந்த பிறகு வழியில் ஓர் ஊரில் இறங்கலாம். வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் போக இரண்டு நாள் தங்கலாம். 1,000 கிலோமீட்டரைத் தாண்டிய டிக்கெட்டில் இரண்டு முறை இறங்கலாம். ராஜதானி, சதாப்தி போன்ற ரயில்களில் இது கிடையாது. முன்பதிவு டிக்கெட் என்றால் கவுன்டரில் எடுக்கும்போதே எந்த ஊரில் இறங்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இறங்கிவிட்டு மறுநாள் அதே டிக்கெட்டை நீட்டினால் அபராதம்தான்.

இதில் ஒரு வேடிக்கை. எழும்பூரிலிருந்து மதுரை, ரயில் கணக்கில் 500-க்குச் சற்றுக் குறைவு. ஆகவே கன்னியாகுமரி டிக்கெட்டில் மதுரையில் இறங்கி மீனாட்சியைப் பார்க்க விதி இடம் தராது. விருதுநகரில் இறங்கலாம், திருநெல்வேலியில் இறங்கலாம். நெல்லையப்பரைப் பார்த்து, அல்வாவும் வாங்கிக்கொண்டு மறுநாள் கிளம்பலாம்.

ஒரு வாரம் விடுமுறை இருந்தால் வட்டப் பயண டிக்கெட்டை யோசியுங்கள். தொடங்கிய ஊரிலேயே முடிய வேண்டும். போன பாதையிலேயே திரும்பக் கூடாது. சென்னை, கன்னியாகுமரி, திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோவை, மறுபடி சென்னை என்று சுமார் 1,700 கிலோமீட்டர் சுற்று இதற்குக் கச்சிதம். அதிகபட்சம் எட்டு இடங்களில் இறங்கலாம். மொத்தத் தூரத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு நீண்ட பயணங்களாகக் கணக்கிடுவதால் கட்டணம் குறைகிறது. செல்போனில் தட்டி வாங்க முடியாது. கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்திலோ பெரிய நிலையத்திலோ பாதையை எழுதிக் கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் படுக்கையைத் தனியாகப் பதிய வேண்டும். அலைச்சல்தான். இரண்டே ஊர் பார்க்க இவ்வளவு பாடு வேண்டாம்.

மற்றபடி எல்லாம் முந்திக்கொள்வதில் இருக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. அதைத் தவறவிட்டுத் தட்கலுக்குப் போனால் ஸ்லீப்பரில் தலைக்கு 100 முதல் 200 ரூபாய் கூடுதல். உறுதியான தட்கலை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. நான்கு பேர் குடும்பத்துக்கு அந்தக் கூடுதல் தொகையே ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு. ஐந்து வயது நிறைந்த, பன்னிரண்டு நிறையாத பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டாமென்றால் அரை டிக்கெட் போதும்; கேட்டால் முழுக் கட்டணம். ஓர் இரவுதானே, ஒடுங்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. பிள்ளை உதைக்கிற ரகம் என்றால் உங்கள் முடிவு.

இரவு ரயிலில் போனால் ஓர் அறை வாடகை மிச்சம். காலையில் இறங்கியதும் நிலையத்திலேயே குளித்துவிட்டு, பைகளைக் க்ளோக் ரூமில் வைத்துவிட்டு ஊருக்குள் போகலாம். பயண டிக்கெட்டைக் காட்ட வேண்டும். பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். ஆளுக்கொரு சின்னப் பூட்டை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், நிலைய வாசல் கடையில் அதன் விலை வேறு.