நதிக்கரை ஊர்கள் – 12: மேடேறிய கடைத்தெரு

சென்ற வாரம் மிசிசிப்பியின் பெருங்கரைகளைப் பார்த்தோம். இந்த வாரம் அந்த நதிக்குச் சற்றுக் கிழக்கே, விஸ்கான்சின் மாநிலத்தின் தென்மேற்கில் உள்ள வெர்னன் கவுண்டி. சுமார் 30,000 பேர் வாழும் பகுதி. பால் பண்ணைகள், சோள வயல்கள், குதிரை வண்டி ஓட்டும் ஆமிஷ் குடும்பங்கள். பனியுகத்தில் சுற்றுவட்டாரத்தையெல்லாம் தேய்த்துத் தட்டையாக்கிய பனிப்பாளங்கள் இந்த நிலத்தை மட்டும் தொடவில்லை. அதனால் இங்கே செங்குத்தான மேடுகளும் அவற்றுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்குகளும் அப்படியே நிற்கின்றன. மேட்டில் கொட்டும் மழை சில மணி நேரத்தில் பள்ளத்துக்கு வந்துவிடும். 19-ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள், மரம் அறுக்கவும் மாவு அரைக்கவும் ஆற்றின் விசை வேண்டும் என்பதால் பள்ளத்தில்தான் ஊர் அமைத்தார்கள்.

கிக்கப்பூ ஆறு இந்தக் கவுண்டியின் கிழக்குப் பகுதியில் வளைந்து வளைந்து தெற்கே போகிறது. மேற்கே கூன் க்ரீக் என்ற ஓடை மிசிசிப்பியை நோக்கி ஓடுகிறது. 1935, 1978, 2007, 2008, 2018 எல்லாம் இங்கே வயதானவர்கள் மறக்காத வெள்ள ஆண்டுகள்.

2018 ஆகஸ்ட் 27 இரவு சில இடங்களில் 10 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது. அன்றிரவு இந்த வட்டாரத்தில் ஐந்து அணைகள் உடைந்தன. பெரிய நீர்த்தேக்கங்கள் அல்ல. வெள்ளத்தைச் சிறிது நேரம் பிடித்துவைத்து மெல்ல விடுவதற்காக, பெரும்பாலும் 1950, 60-களில் மத்திய அரசின் உதவியோடு கட்டப்பட்ட மண் அணைகள். அணைகளின் நடு உடல் பெரும்பாலும் பிழைத்தது. பக்கவாட்டில் அணை மலையோடு சேரும் இடத்தில் இருந்த வெடிப்புள்ள மணற்பாறையைத்தான் தண்ணீர் அரித்து வழி எடுத்துக்கொண்டது. இத்தனை ஆண்டுகளும் அந்த அணைகளுக்குக் கீழே வீடு கட்டியவர்கள், பயிர் வைத்தவர்கள் எல்லோரும் அவற்றை நம்பித்தான் இருந்தார்கள். அந்த நம்பிக்கைக்கு அடியில் இருந்த பாறை வெடிப்புள்ளது என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

தண்ணீர் வடிந்தபின் எல்லா ஊரிலும் எழும் கேள்வி இங்கும் எழுந்தது: காப்பீடு இருக்கிறதா?

அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடு தீயையும் புயல்காற்றையும் ஏற்கும், வெள்ளத்தை ஏற்காது. 1927 மிசிசிப்பி வெள்ளத்துக்குப் பிறகு தனியார் நிறுவனங்கள் அந்தத் தொழிலிலிருந்து ஒதுங்கிக்கொண்டன. அந்த இடத்தை நிரப்ப 1968-இல் மத்திய அரசு தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வீட்டுக்கு அதிகபட்சம் 2.5 லட்சம் டாலர், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 1 லட்சம். ஆண்டுக்கு 1 சதவீதமாவது வெள்ள வாய்ப்புள்ள நிலத்தை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டுவார்கள். 1 சதவீதம் சின்னதாகத் தோன்றும். 30 ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் அது 26 சதவீதமாகிவிடும், அதாவது நான்கில் ஒரு வாய்ப்பு. 1973-இலிருந்து, கோட்டுக்குள் வீடு வைத்து வங்கிக் கடன் வாங்கியவருக்கு இந்தக் காப்பீடு கட்டாயம்.

கிராமத்தில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். அப்பா கட்டிய வீட்டில் கடன் இல்லை. எனவே கட்டாயமும் இல்லை. ஆமிஷ் மக்கள் பொதுவாக வணிகக் காப்பீடே எடுப்பதில்லை, தங்கள் சபையின் கைகொடுப்பை நம்புகிறார்கள். எடுத்தவர்களுக்கும் பாலிசியில் பெரிய ஓட்டைகள் உண்டு. கிணறு, செப்டிக் டேங்க், வேலி, பயிர், கால்நடை எதற்கும் பணம் கிடையாது. இந்தக் குளிர் நாட்டில் வீட்டுக்கு வீடு நிலவறை உண்டு. அங்கே கொதிகலன் போன்ற சில சாதனங்களுக்கு மட்டும் தருவார்கள், அடுக்கிவைத்த உடைமைகளுக்கு இல்லை. மழை வருகிறது என்று கேட்டு இன்று பணம் கட்டினாலும் பாலிசி பொதுவாக 30 நாள் கழித்துத்தான் உயிர்பெறும். நகரத்துப் புறநகர் வீட்டை மனதில் வைத்து எழுதிய ஒப்பந்தம் இது. பண்ணைக் குடும்பம் இழப்பதில் பாதி அதன் பட்டியலிலேயே இல்லை.

இன்னொரு விதி ஏழைகளைக் கடுமையாகத் தாக்குகிறது. கோட்டுக்குள் இருக்கும் வீட்டின் பழுது, அதன் சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால், வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டவேண்டும். விதியின் நோக்கம் நல்லது. ஆனால் மலிவான பழைய வீட்டுக்கு அந்தப் பாதி மிகச் சீக்கிரம் வந்துவிடும். உயர்த்துவதற்கான செலவோ வீட்டு விலையைப் பார்த்து வருவதில்லை.

கிக்கப்பூ ஆற்றங்கரையிலேயே, தெற்கே பக்கத்துக் கிராஃபோர்ட் கவுண்டியில் சோல்ஜர்ஸ் குரோவ் என்ற சிற்றூர் வேறு வழி பார்த்தது. 1970-களில் ராணுவப் பொறியாளர்கள் ஊரைச் சுற்றிக் கரை எழுப்பித் தருவதாகச் சொன்னார்கள். கணக்குப் பார்த்தால், காக்கவேண்டிய சொத்தைவிடக் கரைக்கு ஆகும் செலவு அதிகம். அந்தப் பணத்தில் எங்கள் கடைத்தெருவை மேட்டுக்கு மாற்றித் தாருங்கள் என்று ஊர் கேட்டது. அரசு தயங்கியது. 1978 ஜூலையில் வெள்ளம் வந்து ஊரைப் புரட்டிப் போட்டபின்தான் பணம் அசைந்தது. 1983-க்குள் கடைகள் மேடேறிவிட்டன. புதிய கடைகள் தங்கள் வெப்பத்தேவையில் பாதியையாவது சூரிய ஒளியிலிருந்து பெறவேண்டும் என்று சட்டமும் போட்டார்கள். பழைய கடைத்தெரு பூங்காவாயிற்று. 2007-இலும் 2008-இலும் ஆறு பெருகி வந்தபோது அங்கே மூழ்குவதற்குக் கடைகள் இல்லை.

சற்றுத் தெற்கே உள்ள கேஸ் மில்ஸ் அப்போது நகரவில்லை. 2007 ஆகஸ்டில் ஒரு வெள்ளம், பத்தே மாதத்தில் 2008 ஜூனில் இன்னொன்று. அதன்பிறகு ஊரின் ஒரு பகுதி மேட்டுக்குப் போயிற்று, ஒரு பகுதி கீழேயே தங்கிற்று. தங்கியவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அரசு வீட்டை விலைக்கு வாங்கினால் அந்த மனையில் இனி எவரும் வீடோ கடையோ கட்டமுடியாது. அதிலிருந்து ஊருக்கு வந்துகொண்டிருந்த வரியும் போய்விடும். சில நூறு பேர் வாழும் ஊருக்கு ஒவ்வொரு வீடும் கணக்கு.

அரசு அணை கட்டும் என்று காத்திருந்த கதையும் இங்கே உண்டு. லா ஃபார்ஜ் ஊரருகே கிக்கப்பூவின் குறுக்கே அணை கட்ட 1962-இல் ஒப்புதல், 1971-இல் வேலை தொடக்கம், 1975-இல் நிறுத்தம். ஏறிய செலவும், தேங்கும் நீர் கெட்டுப்போகும் என்ற ஆய்வும் காரணங்கள். அதற்குள் சுமார் 140 குடும்பங்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டு வெளியேறியிருந்தன. அணையும் வரவில்லை, அவர்களும் திரும்பவில்லை. தண்ணீர் உள்வாங்குவதற்காக எழுப்பிய கான்கிரீட் கோபுரம் மட்டும் நிற்கிறது. சுற்றியுள்ள சுமார் 8,600 ஏக்கர் இப்போது காப்பு நிலம்; அதில் சுமார் 1,200 ஏக்கர் அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களிடம் போய்ச் சேர்ந்தது.

உடைந்த ஐந்து அணைகளுக்கு வருவோம். மத்திய வேளாண் துறையின் ஆய்வு, அவற்றைத் திரும்பக் கட்டவேண்டாம், அதே ஓடைகளில் எஞ்சியுள்ளவற்றையும் கைவிடலாம் என்ற முடிவுக்கு வந்தது. மேட்டு விவசாயிகள் சிலர் கூடி, மழையை நிலத்திலேயே இறங்கவைக்கும் வழிகளைப் பேசுகிறார்கள்: மூடுபயிர், மேய்ச்சல் புல், சரிவின் குறுக்கே பட்டை பட்டையாக உழவு. இது அவர்களுக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் முதல் பெரிய நீர்ப்பிடிப்பு மண்காப்புத் திட்டம் 1933-இல் இதே கூன் க்ரீக்கில்தான் தொடங்கியது. ஆனால் புல் வேர்விட ஆண்டுகள் ஆகும். அணைகளைக் கைவிட்டால் கீழே வெள்ள வரைபடம் அதற்கு முன்பே மாறலாம். இதுவரை கோட்டுக்கு வெளியே இருந்த வீடு உள்ளே வந்தால், கடன் உள்ளவர் காப்பீட்டுத் தவணை கட்டியாக வேண்டும். அந்தத் தவணையை யார் தருவது என்ற கேள்வி நிற்கிறது. அதைக் கேட்கவேண்டியவர்கள் கூன் க்ரீக் கரையில் உள்ள கூன் வேலி என்ற ஊரின் குடும்பங்கள்.

(தொடரும்)