இரண்டு அவைகள், ஒரு குடும்பம்



நமது புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலில் குதிரை வீரர்களின் சிலைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். திருப்பெருந்துறை என்று பழைய நூல்கள் கூறும் ஊர் அதுவே. குதிரை வாங்கிவரப் பாண்டிய மன்னன் கொடுத்தனுப்பிய பொருளை அமைச்சர் ஒருவர் அவ்வூரிலே திருப்பணிக்குச் செலவிட்டுவிட்டார் என்பது சைவப் பெருமக்கள் போற்றும் கதை. அதன் சமயக் கருத்தை ஆராய்வது நமது வேலையன்று. ஆயினும் அதற்குள்ளே ஒரு வரலாற்று உண்மை பொதிந்திருக்கிறது. பாண்டியனின் படைக்கு வேண்டிய நல்ல குதிரை பாண்டிய நாட்டில் பிறப்பதில்லை. கடல் கடந்தே வரவேண்டும். கருவூலத்தைத் திறந்து அமைச்சரையே அனுப்பி வாங்கும் அளவுக்கு அது அரிய பொருள். இராவுத்தர் என்னும் பெயரைச் சுமந்து நம்மிடையே வாழும் குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

அந்தக் குதிரைகளை அனுப்பியவர் யார்? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வணிகத்தின் தலைமை ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. இராக்கிலுள்ள தீப் என்னும் ஊரின் பெயரால் அழைக்கப்பட்ட தீபீ குடும்பம் அது. மூத்தவர் ஜமாலுத்தீன் இப்ராஹீம், பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் தீவின் அதிபர். இளையவர் தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான், நம் தமிழகக் கரையில் பாண்டியனின் அமைச்சர். அண்ணன் மங்கோலியர் ஆட்சியின் கீழ். தம்பி மதுரை மன்னனின் கீழ்.

அக்காலத்து மங்கோலிய ஆட்சி எத்தகையது என்பதை நீங்கள் நினைவுகூர வேண்டும். 1258இல் ஹுலாகு பகுதாதை அழித்தான்; அப்பாஸிய கலீபா கொல்லப்பட்டார். ஆனால், வாளால் நாட்டைப் பிடித்தவர்களுக்குக் கணக்கு எழுதவும் வரி தண்டவும் தெரியாது. அதற்குப் பாரசீகத்துப் படித்த குடும்பங்களே தேவைப்பட்டன. ஜுவைனீ குடும்பம் முன்னே வந்தது. ஷம்ஸுத்தீன் தலைமை வஸீரானார். அவர் தம்பி அதா மலிக் பகுதாதின் ஆளுநரானார். இடிந்த பகுதாதை மீண்டும் எழுப்பியவர் இந்த அதா மலிக்தான். ஆயினும் அவர் பணத்தைக் கையாடினார், எகிப்தின் மம்லூக்குகளோடு இரகசியத் தொடர்பு வைத்தார் என்றெல்லாம் கோள் மூட்டினார்கள். 1283இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே ஷம்ஸுத்தீனை அர்கூன் கான் வெட்டுவித்தான். பின்னர் அவருடைய புதல்வர் பலரும் அவ்வழியே போயினர்.

1295இல் கஸான் கான் இஸ்லாத்தைத் தழுவியபின் நிலைமை மாறியிருக்கும் என்று நீங்கள் எண்ணலாம். அவரை இஸ்லாத்தின்பால் அழைத்துவந்த அமீர் நவ்ரூஸே இரண்டு ஆண்டுகளில் கொல்லப்பட்டார். உலக வரலாற்றையே எழுதிய வஸீர் ரஷீதுத்தீன் எழுபது வயதைத் தாண்டிய முதுமையிலே, மன்னருக்கு நஞ்சு கொடுத்தார் என்னும் பழிசுமந்து 1318இல் உயிரிழந்தார். அவர் கண் முன்னேயே அவர் மகனும் கொல்லப்பட்டார். அந்த அரசில் வஸீராயிருந்து படுக்கையிலே இயற்கையாக இறந்தவர் தாஜுத்தீன் அலீஷா ஒருவர்தான் என்பர். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் காஜி பதவியை ஏற்க மறுத்துச் சிறை புகுந்த வரலாற்றை மதரஸாவில் ஓதும் மாணவர்கள் வியப்போடு கேட்பார்கள். இந்த வஸீர்களின் வரலாற்றையும் உடன் ஓதினால் வியப்பு குறையும்.

இத்தகைய அவையிலேதான் ஜமாலுத்தீன் காலடி வைத்தார். சீன வாணிபத்தில் பெரும்பொருள் ஈட்டிய அவர், 1292-93இல் பார்ஸ் மாகாணத்தின் வரியைக் குத்தகைக்கு எடுத்தார். ‘மலிக்குல் இஸ்லாம்’ என்ற பட்டமும் கிடைத்தது. குத்தகை என்பது உங்களுக்குத் தெரியாததன்று. விளைந்தாலும் விளையாவிட்டாலும் தொகையைக் கட்டியாக வேண்டும். மழை பொய்த்தது என்றால் மங்கோலியக் கருவூலம் கேட்குமா? கடலில் ஈட்டியதைக் கரையிலே கட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். போதாக்குறைக்கு ஹுர்முஸ் தீவின் போட்டி வேறு.

கடலில் அவர் ஈட்டியது எவ்வளவு? அதே ஷீராஸ் நாட்டு வரி அதிகாரியாயிருந்த வஸ்ஸாப் எழுதி வைத்திருக்கிறார். ஜமாலுத்தீனின் சொந்தக் குதிரைகளில் ஆண்டுக்கு 1,400 பாண்டிய நாட்டுக்கு வரும். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார். வழியிலே கடலில் செத்த குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்தான்! முன்னொரு காலத்தில் எல்லாத் துறைமுகங்களிலுமிருந்தும் 10,000 குதிரைகள் வரை வந்தன என்றும் அவர் கூறுகிறார். வந்த குதிரைகளுக்கு வறுத்த தானியமும் நெய்யும் பாலும் ஊட்டினார்களாம். பராமரிக்கத் தெரியாமல் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை இறந்தன என்று இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோவும் எழுதுகிறார். லாடம் கட்டுவோர் இங்கு வந்துவிடாமல் வணிகர்களே தடுத்தார்கள் என்றும் அவர் சொல்கிறார். அது மெய்யானால் அந்த வணிகத்தை என்னால் பாராட்ட முடியவில்லை.

தம்பி தகீயுத்தீனின் நிலை வேறு. காயல் உள்ளிட்ட துறைமுகங்கள் அவருடைய பொறுப்பில் இருந்தன. சீனத்துச் சரக்கு வந்தால் இக்குடும்பத்தின் ஆட்கள் தேர்ந்தெடுத்த பிறகே மற்றவர் வாங்கலாம். வேற்றுச் சமயத்து மன்னனின் கீழ் ஒரு முஸ்லிம் அமைச்சராயிருப்பதா என்று சிலர் கேட்பார்கள். எகிப்து மன்னனின் களஞ்சியங்களை நபி யூசுப் (அலை) அவர்கள் பொறுப்பேற்று நடத்தியதை அவர்கள் ஓதியதில்லையா? முஸ்லிம் மன்னர்களின் வஸீர்கள் தலையிழந்த அந்தக் காலத்திலே, தகீயுத்தீன் 1302-03இல் பதவியிலிருந்தபடியே இறந்தார். அவருடைய செல்வத்தைக் கைப்பற்றப் பாண்டியன் முனைந்தது உண்மைதான். குடும்பத்து வாரிசான ஸிராஜுத்தீன் இரண்டு லட்சம் தீனார் காணிக்கை வைத்ததும் பதவியும் பாதுகாப்பும் தொடர்ந்தன. தலை போகவில்லை; பொருள்தான் போயிற்று.

ஜமாலுத்தீனின் மகன் பக்ருத்தீன் அஹ்மதை, சீனத்தை ஆண்ட தைமூர் கானிடம் கஸான் தூதனுப்பினார். அங்கே சில ஆண்டுகள் தங்கிக் கப்பல்களோடு திரும்பியவர், 1305இல் நம் கரையை எட்ட இரண்டு நாள் பயணம் இருக்கையில் கடலிலே உயிர் துறந்தார். சிறிய தந்தையின் கப்ருக்கருகே அடக்கினார்கள். மறு ஆண்டு தந்தையும் மறைந்தார்.

1310இல் பாண்டியன் குலசேகரனை அவன் மகனே கொன்றான் என்கிறார் வஸ்ஸாப். மகன்கள் இருவரும் அரியணைக்குச் சண்டையிட, 1311இல் தில்லியிலிருந்து மாலிக் காபூரின் படை வந்தது. பின்னர் முபாரக் ஷாவின் காலத்தில் குஸ்ரூகான் வந்தார். அப்போது இக்கரையிலே காஜா தகீ என்ற பெரும் வணிகர் ஒருவர் இருந்தார் என்று வரலாற்றாசிரியர் பரனீ எழுதுகிறார். வருவது இஸ்லாமியப் படை, தமக்கு அதனால் தீங்கு நேராது என்று நம்பி அவர் ஓடாமல் இருந்தார். குஸ்ரூகான் அவருடைய பொருளையெல்லாம் பறித்துக்கொண்டு அவரைக் கொன்றுவிட்டார்.