செடி வாடுதா? உரம் வாங்கும் முன் தண்ணீரை செக் பண்ணுங்க!

மாடியில் வெச்ச ரோஜாவின் இலை நுனி கருகுதா? உடனே நர்சரிக்கு ஓடி உரம் வாங்கிப் போடுவோம். சில சமயம் கருகல் இன்னும் கூடும். ஏன்னா, அங்கே பிரச்னை சத்துக் குறைவு இல்ல, ஊத்துற தண்ணீரில் இருக்கும் உப்பு. ரசாயன உரமும் உப்புதான். இருக்கிறதோட இன்னும் கொஞ்சம் சேருது, அவ்வளவுதான்.

இது தேனி மாவட்டம் காமயகவுண்டன்பட்டி போன்ற திராட்சை ஊர்களுக்கு வாழ்வாதாரப் பிரச்னை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் பகுதி இது. இந்தப் பள்ளத்தாக்குக்கு ரெண்டு விதமான தண்ணீர் உண்டு. ஒன்று, 1895-ல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப்பெரியாறு அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியா வரும் நீர். இன்னொன்று கிணறு, போர்வெல் நீர்.

அணை நீர் என்பது மலையில் பெய்த மழை. பொதுவா உப்பு குறைவு. போர் தண்ணியோ பாறை இடுக்குகளில் தங்கி, அங்கிருக்கும் உப்புகளைக் கரைச்சுக்கிட்டு மேலே வரும். பார்க்க ரெண்டுமே தெளிவாத்தான் இருக்கும். ஆனா, வேருக்கு வித்தியாசம் தெரியும். மண்ணில் உப்பு கூடினா வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. மண் ஈரமா இருந்தும் செடி தாகத்தில் வாடும். தென்னை தாங்குற உப்பைத் திராட்சை தாங்காது. பீன்ஸ் அதைவிட மோசம்.

எவ்வளவு உப்பு ஓகே?

டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது. ஐ.நா-வின் உணவு, வேளாண்மை அமைப்பு சொல்லும் கணக்கு இது:

* லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழே: கவலை வேண்டாம்.
* 450 முதல் 2,000 வரை: செடியைப் பொறுத்து கவனம் தேவை.
* 2,000-க்கு மேல்: பெரும்பாலான செடிகளுக்கு ஆகாது.

மீட்டர் மொத்த அளவைத்தான் காட்டும். எந்த உப்பு, சோடியம் எவ்வளவு என்று சொல்லாது. தோட்டம், வயல் வெச்சிருக்கவங்க வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரையும் கொடுத்துப் பார்த்துடுங்க. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலைக் கழுவிட்டுப் பிடிக்கணும்.

வீட்டில் எதை ஊத்தலாம்?

* மழை நீர்: முதல் சாய்ஸ்.
* ஏசி தண்ணீர்: உப்பு மிகக் குறைவு, தாராளமா ஊத்தலாம்.
* குளோரின் வாசம் அடிக்கும் குழாய்த் தண்ணீர்: ஒரு ராத்திரி திறந்த பக்கெட்டில் வெச்சு ஊத்துங்க.
* ஆர்.ஓ கழிவு நீர்: உப்பு செறிந்தது. நல்ல தண்ணீர் கலக்காமல் ஊத்தாதீங்க.
* சாஃப்ட்னர் தண்ணீர்: துணி துவைக்க நல்லது, சோடியம் இருப்பதால் செடிக்கு வேண்டாம்.

தொட்டி ஓரத்தில் வெள்ளையா படிஞ்சிருக்கா? அது உப்பாக இருக்கலாம். உரத்தை நிறுத்துங்க. அடித்துளை அடைக்காம இருக்கான்னு பார்த்துட்டு, நல்ல தண்ணீரை நிறைய ஊத்தி, கீழே வழிஞ்சு ஓட விடுங்க. உப்பும் கூடவே போகும். தினமும் ஒரு டம்ளர் மட்டும் தெளிச்சா, தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் மண்ணிலேயே சேர்ந்துக்கிட்டே இருக்கும்.

கருகின நுனி மறுபடி பச்சையாகாது. அடுத்து வர்ற தளிரைப் பாருங்க. அது கருகாம வந்தா, உங்க செடி தப்பிச்சிடுச்சு!