மறுத்த இடத்தை மீண்டும் நாடுதல்

கிடைத்த இடத்தை வேண்டாமென விடுத்த மாணவர், ஈராண்டு கழித்து அதே கல்லூரிக்கு விண்ணப்பித்தால் அவரை ஏற்பார்களா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சட்டம் பயில விரும்புவோர் சிலர்க்கு இவ்வினா எழுகின்றது. "ஒருமுறை மறுத்தோம், இனிக் கதவு அடைபட்டது" என மனம் சோர்வாரும் உளர். "முன்பு ஏற்றவர்கள் இப்போதும் ஏற்பார்கள்" என வாளா இருப்பாரும் உளர். இவ்விரண்டும் பிழையான எண்ணங்களே. அவை பிழையாவது எங்ஙனம் என்பதை ஈண்டுக் காண்போம்.

முதற்கண் அந்நாட்டு முறையை அறிதல் வேண்டும். அங்குச் சட்டக் கல்வி, பள்ளிப் படிப்பை அடுத்து வருவதன்று. பெரும்பாலும் நான்காண்டு பயின்று ஒரு பட்டம் பெற்ற பின்னரே, மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர்வர். அதன் முடிவில் பெறுவது 'ஜூரிஸ் டாக்டர்' என்னும் பட்டம். சேர்க்கைக்கென 1948ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் தேர்வு 'எல்சாட்' என்பது. அதன் புள்ளிகள் 120 முதல் 180 வரை அமையும். இத்தேர்வுப் புள்ளி, பட்டப் படிப்பின் மதிப்பெண், ஆசிரியர் தரும் பரிந்துரைக் கடிதம், மாணவர் தம்மைப் பற்றி எழுதும் கட்டுரை ஆகிய நான்கையும் கல்லூரியார் சீர்தூக்குவர்.

இத்துணை முயன்று பெற்ற இடத்தை விடுப்பானேன்? பொருளே பெரும்பாலும் காரணம். புகழ்பெற்ற தனியார் கல்லூரிகள் சிலவற்றில் ஓராண்டுக் கல்விக் கட்டணம் மட்டும் 70,000 டாலரைக் கடந்துவிட்டது. உதவித் தொகை போதாமை, பெற்றோரின் நோய், நல்லதொரு வேலை, 'சட்டந்தான் நம் வழியா' என்னும் ஐயம் ஆகியவும் காரணங்களாகும்.

இங்கு இரு சொற்களை வேறுபடுத்தி உணர்தல் வேண்டும். தள்ளிவைத்தல் வேறு, மறுத்தல் வேறு. தள்ளிவைக்க இசைவு பெற்றவர்க்கு, வழக்கமாக ஓராண்டு, அவ்விடம் காக்கப்படும். வேறு கல்லூரிக்கு விண்ணப்பித்தல் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளும் உண்டு. மறுத்தவர்க்கோ ஒன்றும் காக்கப்படுவதில்லை. அவர் புதியவரைப் போலவே விண்ணப்பித்தல் வேண்டும். பழைய உதவித் தொகையையும் உரிமையாகக் கேட்டல் இயலாது. ஆதலின், காத்திருக்க நேர்வோர் மறுப்பதற்கு முன், தள்ளிவைக்க இயலுமா எனக் கேட்டறிதல் நலம்.

மறுத்தவர் மீண்டும் வருங்கால் கல்லூரியார் எண்ணுவது யாது? முதல் விண்ணப்பத்தில் அவர்தம் வினா, 'இவர்க்குத் தகுதி உண்டா?' என்பது. அதற்கு விடை முன்னரே கிடைத்துவிட்டது. இரண்டாம் முறை எழும் வினா, 'இவர் இம்முறை வருவாரா?' என்பதே. ஏற்கப் பெற்றவருள் எத்துணையர் வந்து சேர்வர் எனக் கணக்கிட்டே கல்லூரியார் இடம் வழங்குகின்றனர். இவ்வையத்தைத் தீர்ப்பதே மறு விண்ணப்பத்தின் தலையாய வேலை.

அதற்குப் பழைய கட்டுரையைப் படியெடுத்து அனுப்புதல் பயன்படாது. இடைப்பட்ட காலத்தில் செய்ததும் கற்றதும் புதிய கட்டுரையில் விளங்குதல் வேண்டும். வேலை பார்த்த இடத்திலிருந்து புதிய பரிந்துரைக் கடிதம் ஒன்றேனும் பெறுதல் நன்று. எல்சாட் புள்ளி ஏறத்தாழ ஐந்தாண்டு செல்லும். ஆதலின் முன்பு நல்ல புள்ளி பெற்றவர் மீண்டும் எழுதவேண்டுவதில்லை.

மறுத்த காரணத்தைத் தனிக் குறிப்பாகச் சில வரிகளில் எழுதலாம். "அப்போது என் நிலை சரியில்லை, அருள்கூர்ந்து மீண்டும் வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்" என்பது இரக்கத்தை வேண்டுவது, ஐயத்தைத் தீர்ப்பதன்று. "தந்தையார் நோயுற்றதால் அவ்வாண்டு வர இயலவில்லை. அவர் நலம் பெற்றார். ஈராண்டு வழக்கறிஞர் அலுவலகத்தில் பணியாற்றிக் கல்விக்கென ஒரு தொகை சேர்த்துள்ளேன்" என்பதோ காரணத்தையும், அது நீங்கியதையும், வருவதற்கான ஆயத்தத்தையும் காட்டுகின்றது.

உண்மையை மறைத்தல் ஆகாது. 'முன்பு விண்ணப்பித்ததுண்டா?' எனப் பல கல்லூரிகள் கேட்கின்றன. பின்னாளில் வழக்கறிஞராகப் பதிவு பெறும்போது நன்னடத்தை ஆராயப்படும். அக்கால் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதியதும் பார்வைக்கு வரலாம். இன்னொன்றும் உண்டு. 'இடம் தரின் வேறெங்கும் செல்லேன்' என முன்னரே உறுதி கூறி, இடம் பெற்ற பின் மறுத்தவர் நிலை கடினம். அவர் சொல் தவறியவராகவே கருதப்படக் கூடும்.

மாணவர்க்கு வழிகாட்டும் ஆசிரியர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மறு விண்ணப்பத்தின் முதல் வரி, மறுப்புக் கடிதத்திலேயே எழுதப்படுகின்றது. விடை கூறாது நாள் கடத்தியவரையும், உரிய காலத்தில் நன்றி கூறிக் காரணம் காட்டி விலகியவரையும் கல்லூரியார் ஒன்றாகக் கருத நியாயமில்லை. இடத்தை விடுக்க நேரினும், அதனைப் பண்புடன் விடுக்க மாணவர்க்குக் கற்பித்தல் நம் கடனாகும்.