பழைய கணிப்பொறிக்குப் புத்துயிர்

கணிப்பொறியின் வேகம் குறையத் தொடங்கியதும், புதியதொன்றை வாங்கிவிட வேண்டும் என்னும் எண்ணமே நம்மிடம் முதலில் எழுகிறது. பிள்ளைகளின் கல்விக் கட்டணத்திற்கே கணக்குப் பார்க்கும் குடும்பங்களுக்கு அது சிறிய செலவன்று. ஆனால், கணிப்பொறி என்பது தனியொரு பொருளன்று. பல உறுப்புகளின் கூட்டு. 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரிலேயே, கூடுதல் அட்டைகளைச் செருகிக்கொள்ள ஐந்து இடங்கள் இருந்தன. வேண்டியதைச் சேர்த்து வளர்த்துக்கொள்ளும் வசதி அதன் பிறப்பிலேயே அமைந்ததாகும்.

உறுப்புகளின் பணியை ஓர் எளிய உவமையால் விளக்கலாம். படிக்கும் மாணவரே செயலி. அவர் முன்னுள்ள மேசையே ரேம் என்னும் நினைவகம். நூல்களை அடுக்கிய அலமாரியே வன்தட்டு. மேசை சிறிதாக இருப்பின், மாணவர் எத்துணை அறிவாளியாயினும் அடிக்கடி எழுந்து அலமாரிக்குச் சென்றாக வேண்டும். நினைவகம் போதாத கணிப்பொறியின் நிலையும் இதுவே.

அலமாரியே தொலைவில் இருந்தால் தாமதம் இன்னும் மிகும். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் வன்தட்டு, ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 8 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. தேவையான பகுதி முனையின் கீழ் வரும்வரை செயலி காத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திறக்கும்போது இக்காத்திருப்புகள் கூடி நிமிடங்களாகின்றன. எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பகுதியே இல்லை. பழைய கணிப்பொறிகளில் இதனைப் பொருத்திய அன்றே வேறுபாடு தெரிவது இதனால்தான்.

செலவிடுமுன் குறை எங்குள்ளது என்று அறிதல் வேண்டும். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். வழக்கமான பணிகளைச் செய்தவாறே அதை நோக்குவோம். நினைவகம் எப்போதும் நிரம்பியிருந்தால் ரேமைக் கூட்டலாம். செயலி ஓய்ந்திருக்க, வன்தட்டு மட்டும் நூறு விழுக்காட்டில் நின்றால் எஸ்.எஸ்.டி.யே மருந்து. செயலியே நூறில் நின்றால் இவ்விரண்டும் பெரிதும் உதவா. முதலில், விசிறியில் தூசி படிந்து வெப்பம் மிகுந்துள்ளதா என்று பார்த்தல் நலம்.

எந்த உறுப்பும் எந்தப் பலகையிலும் பொருந்திவிடாது. டி.டி.ஆர். 3, 4, 5 வகை நினைவகங்களின் வெட்டுகள் வெவ்வேறிடத்தில் உள்ளன; வலிந்து செருகினால் பலகை பழுதாகும். எவ்வளவு நினைவகத்தை ஏற்கும் என்பதை மதர்போர்டின் கையேடு கூறும். சில மடிக்கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் மாற்ற இயலாது. கோப்புகளுக்குப் படியெடுத்து வைத்து, மின்னிணைப்பைத் துண்டித்து, உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தை நீக்கிய பின்னரே உறுப்புகளைக் கையாள வேண்டும்.

இம்முயற்சிக்கும் எல்லை உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பைக் கேட்கிறது; இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை ஏற்பதில்லை. ரேமைக் கூட்டுவதால் இத்தடை நீங்காது. அத்தகைய கணிப்பொறிகளில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவலாம். கட்டுரை எழுதவும், இணையத்தில் படிக்கவும், நிரல் பயிலவும் அது போதும்.

தூக்கியெறியப்படும் பலகைகளில் ஈயம் போன்ற நச்சுப்பொருள்கள் உள்ளன. முறையாகப் பிரிக்கப்படாவிடில் அவை மண்ணையும் நீரையும் கெடுக்கும். ஆகவே, பழையதைக் கழிக்கும் முன், குறையுள்ள உறுப்பு எது என்று ஒருமுறை ஆராய்வோம். கணிப்பொறியை இயக்கத் தெரிந்த நம் மாணவர்கள் அதன் உள்ளுறுப்புகளையும் அறிந்துகொண்டால், வீட்டின் செலவு குறையும்; மூலையில் கிடக்கும் கருவியும் மற்றொரு மாணவரின் கல்விக்குத் துணையாகும்.