ஏறக்குறைய என்றொரு கணக்கு

இலக்கிய அரங்கில் கூட்டல் கழித்தலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகளோடு வீட்டுப்பாடத்துக்கு உட்காரும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் 503-இல் 268-ஐக் கழித்து 365 என்று எழுதியிருந்தாள். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறாள்: 8-இல் 3 போக 5, 6-இல் 0 போக 6, 5-இல் 2 போக 3. பூஜ்ஜியத்தைத் தாண்டிக் கடன் வாங்கத் தடுமாறும் பிள்ளைகள் பலரும் செய்யும் பிழை இது. மளிகைக் கடைக்காரர் மீதிச் சில்லறை எண்ணிக் கொடுக்கும் முறையைக் காட்டினேன். 268-உடன் 2 சேர்த்தால் 270. இன்னும் 30 சேர்த்தால் 300. அங்கிருந்து 503-க்கு 203. சேர்த்ததெல்லாம் கூட்டினால் 235. கழித்தல் கூட்டலாகவே முடிந்துவிட்டது.

பள்ளியில் 'ரவுண்டிங்' என்று சொல்லித் தருவதற்கு நம்மிடம் அழகான சொல் இருக்கிறது: ஏறக்குறைய. 47 ஏறி 50 ஆகிறது. 43 குறைந்து 40 ஆகிறது. சரிபாதியில் நிற்கும் 45-ஐ ஏற்றிவிடுவது பள்ளி வழக்கம். இப்போது 503 ஏறக்குறைய 500, 268 ஏறக்குறைய 300. விடை 200-க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 365 வெகுதூரம் தள்ளி நிற்பது உடனே தெரிந்துவிடும்.

மதிப்பிடுவது நமக்குப் புதிதல்ல. காரிநாயனாரின் கணக்கதிகாரம், பலாப்பழத்தை வெட்டாமலே சுளைகளைக் கணக்கிட வழி சொல்கிறது. காம்பை ஒட்டிய சிறுமுட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுக்க வேண்டும். 50 முள் என்றால் 60 சுளை. செய்யுளிலேயே கணக்கு நடத்திய மொழி நம்முடையது.

ஆனால் தோராயத்தை இடமறிந்து பயன்படுத்த வேண்டும். கையில் 50 டாலர். வாங்க வேண்டியவை 14, 23, 14 டாலர். பள்ளி முறையில் 10, 20, 10 என்று 40 வரும். நம்பிக் கடைக்குப் போனால் 51 கேட்பார்கள். செலவுக் கணக்கில் ஏற்றித்தான் மதிப்பிட வேண்டும்.

இன்னொரு பிழையைத் தோராயத்தால் பிடிக்கவே முடியாது. அதில்தான் நான் தோற்றேன். "கவினிடம் 47 தபால்தலைகள் உள்ளன. அது மாறனிடம் இருப்பதைவிட 18 அதிகம். மாறனிடம் எத்தனை?" மகள் 65 என்றாள். 50-உம் 20-உம் 70, ஆக 65 பொருத்தமாகவே தெரிகிறது. "இதுகூடத் தெரியாதா?" என்று சத்தம் போட்டேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள்.

மறுநாள்தான் எனக்கு உறைத்தது. கூட்டலில் பிழையே இல்லை. 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் கூட்டியிருக்கிறாள். வாக்கியம் யாரைப் பற்றிப் பேசுகிறது என்று பார்க்கவில்லை. குரலைத் தணித்துக் கேட்டேன்: "யாரிடம் அதிகம் இருக்கு?" "கவினிடம்." "அப்போ மாறனிடம் 65 இருக்குமா?" ஒரு நிமிடம் யோசித்தாள். அவளே அழித்து 29 என்று எழுதினாள்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். முதலில் கணக்கைக் கதையாகச் சொல்ல வேண்டும், தமிழிலோ ஆங்கிலத்திலோ. அடுத்து, யாரிடம் கூட, யாரிடம் குறைவு என்று சொல்ல வேண்டும். பிறகு ஏறக்குறைய ஒரு விடை. கடைசியில்தான் பென்சில்.

பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று முடிவு கட்டுமுன், அந்த வாக்கியத்தை ஒருமுறை அதன் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்கத் தவறியது அதைத்தான்.